சுரங்கத்தில் எழுந்த கேள்விக்குப் பதில் எழுதுங்கள்

டிரான்ஸ்ஃபார்மர்ஸின் அடுத்த அனிமேஷன் தொடரை எழுதப்போகும் கதைக்குழுவினருக்கு,

வணக்கம்.

உருமாறும் இயந்திரர்களின் இந்தக் கதையில், ஆப்டிமஸ் பிரைம் தலைமையிலான ஆட்டோபாட்களை எதிர்க்கும் டிசெப்டிகான் படையின் தலைவன் மெகட்ரானைப் பற்றித்தான் இந்த மடல். அவனை நல்லவனாக்குங்கள் என்று கேட்க வரவில்லை. அவன் செய்த அழிவுகளைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். அவனுக்கு வக்காலத்து வாங்கும் எண்ணம் எனக்கில்லை. நான் கேட்பது வேறு. பிறப்பை வைத்து ஒருவனுக்கு மேல் கீழ் விதிப்பது நியாயமா என்ற கேள்வியை அவன் வாயில் வைத்தவர்கள் உங்களுக்கு முன்னால் இந்தக் கதையை எழுதியவர்கள்தான். அவன் கொலைகாரனான கணத்திலேயே அந்தக் கேள்வியையும் அவனோடு சேர்த்து ஊரைவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். கேட்டவன் கெட்டவன் என்பதால் கேள்வி பொய்யாகிவிடுமா? திரும்பத் திரும்ப இதே வழியில் போகும் கதையை நீங்களாவது மாற்றி எழுத வேண்டும்.

1984 செப்டம்பரில் முதல் தொடர் வந்தபோது இந்தச் சிக்கலே கிடையாது. ஜப்பானின் டகாரா நிறுவனம் செய்துவந்த உருமாறும் பொம்மைகளை அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ வாங்கி, மார்வெல் ஆட்களைக் கொண்டு கதையும் பெயரும் சூட்டியது. கார், லாரியாக மாறுகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். துப்பாக்கி, போர் விமானமாக மாறுகிறவர்கள் கெட்டவர்கள். மெகட்ரான் கைத்துப்பாக்கியாக மாறுவான், அவன் தளபதி ஸ்டார்ஸ்கிரீம் எஃப்-15 விமானமாக மாறுவான். பொம்மையின் வடிவமே குணத்தைத் தீர்மானித்துவிட்டது. மெகட்ரான் என்ற பெயரைச் சூட்டி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குணக்குறிப்பு எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. பொம்மைப் பெட்டியின் பின்புறத்தில் அடங்க வேண்டிய சில வரிகளுக்குள் அவர் எத்தனை விதமான பயங்களையும் பொறாமைகளையும் வைத்தார் என்பதை இன்று படித்தாலும் வியப்பாகத்தான் இருக்கிறது.

ஆனால் கதை என்று ஒன்று தொடங்கிவிட்டால் அது பெட்டிக்குள் அடங்காது. 1986இல் மூன்றாம் பருவத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெரிய உண்மை வெளிவந்தது. சைபர்ட்ரான் கிரகத்தின் இயந்திரர்கள் எல்லோரும் குவின்டெஸன்கள் என்ற எஜமானர்களால் விற்பனைக்காகச் செய்யப்பட்டவர்கள். ஆட்டோபாட்களின் முன்னோர் வீட்டு உபயோகப் பொருள்கள். டிசெப்டிகான்களின் முன்னோர் போர்த் தளவாடங்கள். அடிமைகள் கிளர்ந்தெழுந்து எஜமானர்களை விரட்டினார்கள். அதன்பிறகு டிசெப்டிகான்கள் ஆட்டோபாட்கள் மேல் பாய்ந்தார்கள் என்று கதை வேகமாக நகர்ந்துவிட்டது. நான் அங்கேயே நின்றுவிட்டேன். சண்டை போடுவதற்கென்றே வார்க்கப்பட்ட ஒருவனுக்குச் சண்டை முடிந்த உலகத்தில் என்ன வேலை? அவனை யார் அருகில் சேர்ப்பார்கள்? இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு முழுத் தொடர் எழுதலாம். அதைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஸ்டார்ஸ்கிரீமுக்கும் இதேதான் நடந்தது. தலைவனைக் கவிழ்க்கத் துடிக்கும் தளபதி என்ற வார்ப்புக்கு இன்று உலகம் முழுக்க அவன் பெயரையே சொல்கிறார்கள். காயம்பட்ட மெகட்ரானை விண்வெளியில் தூக்கி எறிந்துவிட்டு முடிசூட்டிக்கொள்வதும், கால்வட்ரான் என்ற புது உருவில் திரும்பி வந்த மெகட்ரான் பட்டாபிஷேக மேடையிலேயே அவனைச் சாம்பலாக்குவதும் 1986 திரைப்படத்தில் வந்தன. செத்தும் அடங்காமல் ஆவியாக வந்து மீண்டும் சதி செய்தான். குழந்தைகளுக்கு இது வேடிக்கை. ஆனால் அதே முதல் தொடரின் முதல் பருவத்தில் ஸ்கைஃபயர் வரும் அத்தியாயத்தை நினைத்துப் பாருங்கள். ஸ்டார்ஸ்கிரீம் ஒரு காலத்தில் விஞ்ஞானி. நண்பன் ஸ்கைஃபயரோடு பூமியை ஆராய வந்தவன். புயலில் நண்பன் தொலைந்துபோகிறான். தேடிப் பார்த்துக் கிடைக்காமல் திரும்பிப் போகிறான். ஊழிக்காலம் கடந்து பனிக்கட்டிக்குள்ளிருந்து ஸ்கைஃபயர் எழுந்திருக்கும்போது, எதிரே நிற்கும் பழைய நண்பன் போர்வீரனாகியிருக்கிறான். மனிதக் கைதிகளைக் கொல்லச் சொல்கிறான். ஸ்கைஃபயர் மறுக்கிறான், நண்பனே அவனைச் சுடுகிறான்.

இருபது நிமிட அத்தியாயம்தான். அதற்குப் பிறகு ஸ்டார்ஸ்கிரீம் விஞ்ஞானியாக இருந்தான் என்பதைத் தொடர் பெரிதாகக் கண்டுகொள்ளவே இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு அவன் ஏன் போனான்? நண்பனை இழந்ததற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? மெகட்ரான் அவனுக்கு என்ன வாக்குக் கொடுத்தான்? தெரியாது. அந்த வெற்றிடத்தில் நின்றுகொண்டு அவன் செய்யும் துரோகங்கள் பழக்கதோஷம் போல ஆகிவிடுகின்றன. 2002இல் வந்த ஆர்மடா தொடர் மட்டும் அவனைக் கனமாக எழுதியது. பக்கம் மாறி, திரும்பிப் போய், கடைசியில் யூனிக்ரான் என்ற பொது எதிரி வந்துவிட்டதைத் தலைவனுக்கு உணர்த்தவே உயிரை விடும் ஸ்டார்ஸ்கிரீம் அவன். அவன் சாவு வலித்ததற்குக் காரணம், மெகட்ரானின் மதிப்பைப் பெற அவன் பட்ட பாட்டை நாங்கள் அத்தியாயம் அத்தியாயமாகப் பார்த்திருந்ததுதான்.

கட்டடம் கட்டும் டிசெப்டிகான்களான கன்ஸ்ட்ரக்டிகான்களையும் இங்கே சொல்ல வேண்டும். ஆட்டோபாட் காவலன் ஒமேகா சுப்ரீமின் கதையில் அவர்கள் படிக நகரத்தைக் கட்டியவர்கள், அதைக் காத்து நின்ற ஒமேகாவின் தோழர்கள். மெகட்ரான் ஒரு கருவியால் அவர்கள் மனத்தையே திருகி மாற்றுகிறான். அதாவது அவர்கள் குற்றவாளிகள் அல்லர், பாதிக்கப்பட்டவர்கள். அதற்குப் பிந்தைய அத்தியாயங்களில் ஆட்டோபாட்கள் யாராவது அவர்களை மீட்கப் பார்த்தார்களா? இல்லை. வழக்கம்போலச் சுட்டார்கள்.

தோற்றவர்களின் பிள்ளைகளைப் பற்றி யோசித்த ஒரே தொடர் 1996இல் வான்கூவரின் மெயின்ஃப்ரேம் நிறுவனம் செய்த பீஸ்ட் வார்ஸ் என்பேன். பாப் ஃபார்வர்டும் லேரி டிடில்லியோவும் அதன் கதைப் பொறுப்பில் இருந்தார்கள். பெரும் போர் முடிந்து பல தலைமுறை ஆகிவிட்டது. டிசெப்டிகான்களின் வழிவந்த பிரிடகான்கள், வென்றவர்களின் வழிவந்த மேக்ஸிமல்களுக்குக் கட்டுப்பட்டு வாழ்கிறார்கள். அந்த அமைதியை ஏற்காத ஒருவன் பழைய தலைவனின் பெயரையே சூட்டிக்கொண்டு, காலத்தில் பின்னோக்கிச் சென்று வரலாற்றையே திருப்பி எழுதக் கிளம்புகிறான். உறங்கிக்கிடக்கும் ஆப்டிமஸ் பிரைமின் முகத்தில் அவன் சுடும்போது அதை வெறும் வில்லத்தனமாக மட்டும் பார்க்க முடியவில்லை. தோல்வியை ஏற்றுக்கொள்ள முடியாத ஒரு கூட்டத்தின் ஆத்திரம் அதில் இருந்தது.

அதே தொடரின் டைனோபாட்டை மறக்க முடியுமா? தொடக்க அத்தியாயங்களிலேயே இந்தப் புது மெகட்ரானோடு முறைத்துக்கொண்டு எதிரணிக்கு வருகிறான். வந்தவன் திருந்திய பிள்ளையாக மாறிவிடவில்லை. கடைசிவரை பிரிடகானின் கர்வமும் வெடுக்கென்ற பேச்சும் அவனிடம் இருந்தன. இடையில் மனம் தடுமாறி, வரலாற்றை மாற்ற உதவும் பொன்தகட்டை மெகட்ரானிடமே கொடுத்தும் விடுகிறான். இரண்டாம் பருவத்தில், ஆதிமனிதர்கள் வாழும் பள்ளத்தாக்கில் பிரிடகான் படை முழுவதையும் தனியாக எதிர்த்து நின்று சாகிறான். அணி மாறியவனுக்கு எழுத்தாளர்கள் வழக்கமாகக் கொடுக்கும் பாவமன்னிப்புச் சடங்கு அதில் இல்லை. தன் கேள்விக்குத் தானே பதில் தேடிக்கொண்டவனின் முடிவு அது. அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த அத்தியாயத்தை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அணி மாறாதவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் தொடரில் மெகட்ரான் நாற்பது லட்சம் ஆண்டுகள் காணாமல் போகிறான். ஷாக்வேவ் சைபர்ட்ரானில் தனியாகக் காவல் இருக்கிறான். சவுண்ட்வேவ் எந்தத் தொடரிலும் பெரும்பாலும் தலைவன் பக்கமே நிற்கிறான். ராவணன் செய்தது தவறென்று தெரிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காகக் களம் புகுந்த கும்பகருணனைத் தெரிந்த எங்களுக்கு இந்த விசுவாசம் புதிதல்ல. ஆனால் கும்பகருணன் அண்ணனிடம் தவறை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போருக்குப் போனான். சவுண்ட்வேவ் மெகட்ரானிடம் அப்படி ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை. அவனுக்கு அந்த ஒரு காட்சியைக் கொடுங்கள்.

இனி என் முதன்மையான குறைக்கு வருகிறேன். 2010க்குப் பிறகு மெகட்ரான் வெறும் ஆக்கிரமிப்பாளன் அல்லன். பிரைம் தொடரில் அவன் கேயான் நகரத்து அரங்கக் குழிகளில் சண்டையிட்டு எழுந்தவன். சைபர்ட்ரானின் ஊழலையும் ஏற்றத்தாழ்வையும் எதிர்த்துப் பேசியவன். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் ஆவணக்காப்பகத்தில் எழுத்தராக இருந்த, பின்னாளில் ஆப்டிமஸ் பிரைம் ஆகப்போகும் ஓரியன் பாக்ஸ் அவனுக்கு நண்பனானான். இருவரும் ஆட்சிமன்றத்தின் முன் நிற்கிறார்கள். மன்றம் ஓரியனைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறது. மெகட்ரான் வெளியேறிப் போர் தொடங்குகிறான். அந்த ஊழல் மன்றம் தன் குற்றத்துக்கு எங்காவது பதில் சொன்னதா? போர் என்ற பெரிய சத்தத்தில் அது அமுங்கிப்போனது.

2013இல் அந்தத் தொடரை முடித்துவைத்த படத்தில் யூனிக்ரான் மெகட்ரானின் உடலுக்குள் புகுந்து அவனை ஆட்டிவைக்கிறான். விடுபட்டதும் மெகட்ரான், ஒடுக்குமுறையின் உண்மையான பொருள் இப்போது தனக்குத் தெரியும், அதைப் பிறர்மேல் ஏவும் ஆசை தனக்கு அற்றுவிட்டது என்று சொல்லி டிசெப்டிகான் படையையே கலைத்துவிட்டுப் பறந்துபோகிறான். பலரும் கைதட்டிய இடம் அது. எனக்கோ நெஞ்சு கனத்தது. குழியில் சண்டையிட்டுப் பிழைத்தவன் அவன். ஒடுக்குமுறையை அவன் முதன்முதலில் அறிந்தது அங்கே இல்லையா? அவன் எங்கிருந்து வந்தான் என்பதை எழுதியவர்களே மறந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

2024இல் ஜாஷ் கூலி இயக்கிய டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன் இந்தக் கதையை இன்னும் கூர்மையாக்கியது. ஓரியனும் டி-16உம் சுரங்கத் தொழிலாளர்கள். உருமாறும் பற்சக்கரம் மார்பில் இல்லாதவர்கள் என்பதால் சுரங்கத்துக்குத் தள்ளப்பட்டவர்கள். பிறக்கும்போதே அந்தச் சக்கரத்தைப் பிடுங்கிக்கொண்டது ஆட்சியாளன் சென்டினல் பிரைம்தான், தாங்கள் தோண்டியெடுக்கும் எனர்ஜான் என்ற எரிபொருள் எதிரிகளான குவின்டெஸன்களுக்குக் கப்பமாகப் போகிறது என்று தெரியவரும்போது டி-16 கொதிக்கிறான். அந்தக் கொதிப்பில் பொய் ஏதுமில்லை. அரங்கில் இருந்த எல்லோரும் அவன் பக்கம் இருந்திருப்பார்கள். பிறகு அவன் நண்பனைக் கைவிட்டுப் பள்ளத்தில் விழவிடுகிறான், சென்டினலைப் பிய்த்து எறிகிறான், மெகட்ரான் ஆகிறான், நாடுகடத்தப்படுகிறான். தலைமையின் அதிசயச் சின்னமான மேட்ரிக்ஸ் திரும்பி வந்ததால் எனர்ஜான் ஆறாக ஓடத் தொடங்குகிறது.

படம் எனக்குப் பிடித்திருந்தது. சொல்லப்போனால் இரண்டு நண்பர்கள் பிரியும் கதையாக, இந்த வரிசையில் அதைவிட நன்றாக எழுதப்பட்ட ஒன்றை நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த ஆறு என்னை உறுத்துகிறது. பிறப்பை வைத்து ஒருவனுக்கு வேலையை விதிக்கும் அமைப்பை யாரும் உட்கார்ந்து பேசிக் கலைக்கவில்லை. அதிசயம் நடந்தது, தோண்ட வேண்டிய தேவையே போய்விட்டது. அந்தக் கொடுமையைப் பார்த்துக்கொண்டு மேல்தளங்களில் சொகுசாக வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்கள் யாரிடமாவது மன்னிப்புக் கேட்டார்களா? கோபப்பட்டவன் எல்லை மீறினான் என்பதற்காகக் கோபமே தவறு என்று பார்க்கிற பிள்ளைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. சமத்துவம் கேட்பவன் முடிவில் கொடுங்கோலனாவான் என்று திரும்பத் திரும்பக் காட்டினால் அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள்.

2022இல் வந்த எர்த்ஸ்பார்க் வேறு பாதையில் போனது. போரை முடித்துவைத்து ஆட்டோபாட்களோடு நிற்கும் மெகட்ரானையும், சிறைக்கூடங்களில் அடைபட்ட அவனுடைய பழைய படையினரையும் ஒரே கதையில் வைத்தது. துணிச்சலான தொடக்கம் அது. அந்த இடத்திலிருந்து நீங்கள் மேலே போகலாம்.

எப்படி என்று எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. பிரைம் தொடரின் வெஹிகான்களை நினைவிருக்கிறதா? எல்லோருக்கும் ஒரே முகம், பெயர் கிடையாது. மெகட்ரானுக்காகப் பூமியின் சுரங்கங்களில் எனர்ஜான் தோண்டியவர்கள் அவர்கள்தான். சண்டைக் காட்சிகளில் டஜன் கணக்கில் அவர்கள் விழுந்தார்கள். ஆப்டிமஸ் உட்பட யாரும் ஒரு நொடி வருந்தவில்லை. கீழிருந்து எழுந்து வந்த தலைவனின் கீழே, பெயரே இல்லாத சுரங்கத் தொழிலாளர்கள்! இந்த வரிசையின் மிகப் பெரிய முரண் கண்ணெதிரே இருந்தும் யாரும் அதைக் கதையாக்கவில்லை. முன்பு பீஸ்ட் வார்ஸின் கடைசியில் வாஸ்பினேட்டர், கெட்டவனாக இருந்து இருந்து வெடித்துச் சிதறியது போதும் என்று வேலையை உதறினான். தொடர் முழுக்கச் சிரிப்புக்கு வைத்திருந்த அந்த அடிமட்டப் படையாளுக்குக் கடைசியில் ஒரு குரல் கிடைத்தது. அதைச் சிரிப்புக்காக இல்லாமல் முழுமனத்தோடு எழுதிப் பாருங்கள்.

ஒரு வெஹிகானுக்குப் பெயர் கொடுங்கள். அவனை ஆட்டோபாட்களிடம் ஓடவிடாதீர்கள். அது சுலபமான வழி. அவன் டிசெப்டிகானாகவே இருக்கட்டும். சுரங்கத்தில் கருவியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு காலத்தில் மெகட்ரான் ஆட்சிமன்றத்தைப் பார்த்துக் கேட்டதை அவன் மெகட்ரானைப் பார்த்துக் கேட்கட்டும். பிறகு அதே கேள்வியோடு ஆப்டிமஸிடமும் போகட்டும்: போர் முடிந்தால் எங்களை என்ன செய்வாய், எங்களில் எத்தனை பேரைச் சுட்டாய் என்று உனக்குத் தெரியுமா என்று. இருவரும் பதில் சொல்லியாக வேண்டும். மேட்ரிக்ஸ் ஒளிரக் கூடாது, யூனிக்ரான் இடையில் வந்து கதையைத் திசைதிருப்பக் கூடாது. அந்தப் பதிலை எழுத ஒரு பருவம் முழுவதும் தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் காத்திருந்து பார்ப்போம்.

அன்புடன்,
டிசெப்டிகான்களை விட்டுக்கொடுக்காத ஒரு ரசிகர்