எச்.பி.வி. ‘பாசிட்டிவ்’ என்று சொல்லும் மருத்துவர்களுக்கு

மதிப்பிற்குரிய மகளிர் நல மருத்துவர்களுக்கு,

உடலுறவு வழியே பரவி, சிலருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் வைரஸ் எச்.பி.வி. பரிசோதனையில் அது பாசிட்டிவ் என்று சொன்ன கையோடு, “எதிர்ப்பு சக்தியைக் கூட்டிக்கொள்ளுங்கள், மாத்திரை எழுதித் தருகிறேன்” என்று உங்களில் சிலர் அனுப்பிவைக்கிறீர்கள். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

இந்த வைரஸ் ரத்தத்தில் சுற்றித் திரிவதில்லை. கருப்பை வாயில் இரண்டு வகைச் செல் அடுக்குகள் சந்திக்கிற இடத்தில், கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக அடியடுக்குச் செல்லுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. செல்லை உடைத்துக்கொண்டு வெளியே வருவதுமில்லை. எப்படியும் உதிரப்போகிற மேல்செல்லோடு சேர்ந்து போய்விடுகிறது. அதனால் காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை. போதாததற்கு, அதன் இ6, இ7 புரதங்கள் வைரஸ் நுழைந்ததும் செல் அனுப்பும் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கையை அமுக்குகின்றன. இ5 புரதம், ‘இங்கே வைரஸ் இருக்கிறது’ என்று டி செல்களுக்கு (தொற்றிய செல்லைத் தேடித் தாக்கும் வெள்ளணுக்களுக்கு) காட்டிக்கொடுக்கும் மூலக்கூறுகளைச் செல்லின் மேற்பரப்பிலிருந்து குறைக்கிறது. அங்கே காவலிருக்கும் லாங்கர்ஹான்ஸ் செல்களும் குறைந்துபோகின்றன. தொற்று வந்தும் ரத்தத்தில் எதிர்ப்பொருளே உருவாகாத பெண்கள் பலர். இதில் எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனை எதற்கு, சத்து மாத்திரை எதற்கு?

அப்படியும் 10 தொற்றுகளில் ஏறக்குறைய 9, இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. அடக்குவது அந்த இடத்துக்கு வந்துசேரும் டி செல்கள். இந்த வைரஸால் செல்கள் மாறிப்போன இடத்தைத்தான் புண் என்கிறோம். தானாக மறையும் புண்ணின் திசுவில் சிடி4, சிடி8 என்ற டி செல் வகைகள் புகுந்திருப்பதைப் பார்க்கலாம். நீடிக்கிற புண்ணில் தாக்குதலை அடக்கிவைக்கும் வகை டி செல்கள் மிகுந்திருக்கும். சிடி4 செல்களைத் தின்கிற எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வர சுமார் 6 மடங்கு வாய்ப்பு அதிகம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என் கோபம் மாத்திரைச் செலவைப் பற்றி மட்டுமல்ல. அடுத்த முறையும் பாசிட்டிவ் வந்தால், ‘நான் சரியாகச் சாப்பிடவில்லையோ, தூங்கவில்லையோ’ என்று அந்தப் பெண் தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறாள். (வீட்டில் கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் சந்தேகிப்பது தனிக் கதை. தொற்று எப்போது வந்தது என்று இந்தப் பரிசோதனை சொல்லாது என்பதையும் யாராவது சொன்னால் தேவலை.) அவளால் செய்ய முடிந்தது என்று ஏதாவது சொல்லத்தான் வேண்டுமென்றால், புகைக்கிறவராக இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள், புகை அந்த லாங்கர்ஹான்ஸ் செல்களையே குறைக்கிறது.

அப்புறம் தடுப்பூசி. அது உண்டாக்கும் எதிர்ப்பொருள் கருப்பை வாய்ச் சளிக்குக் கசிந்து வந்து, வைரஸ் செல்லுக்குள் நுழையும் முன் மறிக்கிறது. ஏற்கனவே உள்ளே இருப்பதை அது வெளியேற்றாது. அதைச் சிகிச்சை மாதிரி பேச வேண்டாம்.

மாத்திரை எழுதும் இடத்தில் அடுத்த பரிசோதனைக்கு வரவேண்டிய தேதியை எழுதிக்கொடுங்கள். புற்றுநோய் அபாயம் மிகுந்த 16 அல்லது 18 வகை வைரஸ் என்றால், கருப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி பரிசோதனைக்குத் தள்ளிப்போடாமல் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நோயெதிர்ப்பியல் படித்த ஒருத்தி