ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: வேலூர்ப் பயணமும் கண்டி ஏரியும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டுக் கல்விச் சுற்றுலா வேலூருக்கு என்று அறிவித்ததும், "அங்கே வெயிலைத் தவிர என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்டீர்கள். கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போகலாமே என்ற யோசனையும் வந்தது. என் பதில் சற்று நீளம். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

சென்ற பருவத்தில் சமூக அறிவியல் ஆசிரியர்கள் மாணவர்களை நம் சேலத்து மூக்கனேரிக் கரைக்கு அழைத்துச் சென்றார்கள். சேர்வராயன் மலைச் சரிவில் பெய்கிற மழை இறங்கி வந்து தேங்கும் ஏரி அது. கரை எது, மதகு எது, நிரம்பினால் எந்தப் பக்கம் கோடி விழும் (உபரி நீர் வழியும்) என்று பிள்ளைகள் படம் வரைந்தார்கள். நடுவே தெரியும் மரத்திட்டுகள் இயற்கையானவை அல்ல, தூர்வாரிய மண்ணைக் குவித்து அண்மைக் காலத்தில் உருவாக்கியவை என்பது பலருக்குப் புதுச் செய்தி. அதன் தொடர்ச்சியாக, மனிதர் கட்டிய வேறொரு நகர ஏரியோடு ஒப்பிட்டு எழுதச் சொன்னோம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பத்துப் பிள்ளைகள் சிலர் நம் பள்ளியில் படிக்கிறார்கள். அவர்கள் முன்மொழிந்தது கண்டி ஏரி.

அதைக் கட்டியவர் கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர். இயற்பெயர் கண்ணுசாமி. நாயக்கர் வழியில் வந்தவர். 1798இல் பதினெட்டு வயதில் அரியணை ஏறினார். புத்தரின் பல் வைக்கப்பட்டிருக்கும் கோயிலான தலதா மாளிகைக்கு முன்னால் அப்போது இருந்தவை நெல் வயல்கள். 1807 வாக்கில் அந்த வயல்களின் குறுக்கே அணை எழுப்பி நீரைத் தேக்கினார். வடிவமைத்தவர் அரண்மனைச் சிற்பி தேவேந்திர மூலாச்சாரி. தலதா மாளிகையின் முகப்பில் இருக்கும் எண்கோண மண்டபமும் அவர் கைவேலைதான். பாற்கடலையும் அதன் மேலே மேகங்களையும் மண்ணில் இறக்கிவிடுவதே திட்டம். அதனால்தான் ஏரியைச் சுற்றி மேகச்சுவர் என்று ஒரு கைப்பிடிச் சுவர். அலை அலையாக ஏறி இறங்கும் அதன் விளிம்பையும், விளக்கேற்றி வைப்பதற்காக விட்டிருக்கும் மாடங்களையும் படத்தில் பார்த்தாலே ஆசை வரும். அந்தச் சுவர் அறுநூறு மீட்டருக்குச் சற்று அதிகமாகத்தான் எழுந்தது. முழுதாகக் கட்டி முடிப்பதற்குள் மன்னரின் ஆட்சி முடிந்துபோனது. ஏரியின் நடுவில் ஒரு சிறு தீவு. ஆங்கிலேயர் வந்தபின் அது வெடிமருந்துக் கிடங்கானது. கரையோரம் இருந்த அரசியரின் குளியல் மண்டபத்தின் மேல் ஒரு மாடி கட்டி நூலகம் ஆக்கினார்கள்.

மாணவர்களின் கட்டுரைகளில் எனக்குப் பிடித்தது ஒரு மாணவியின் கேள்வி: "நம் ஊரில் வயலுக்காக ஏரி வெட்டினார்கள். அங்கே ஏரிக்காக வயலை மூழ்கடித்தார்களே, அது சரியா?" பாடநூலில் இல்லாத கேள்வி. கூலியில்லாத அரச ஊழியமாக மக்களை இழுத்துவந்துதான் அந்த ஏரி எழுந்தது. எதிர்த்த தலைவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரை மன்னர் ஏரிப் படுகையிலேயே கழுவேற்றினார் என்ற செய்தியும் வழங்குகிறது. அவரைக் கொடுங்கோலர் என்று காட்டுவதில் ஆங்கிலேயருக்கு ஆதாயம் இருந்தது என்பதையும் வகுப்பில் சொன்னோம். ஆனாலும் குடிகளும் பிரதானிகளும் வெறுத்துப்போனது உண்மை. 1815 பிப்ரவரியில் மன்னர் பிடிபட்டார். மார்ச் 2 அன்று கண்டி ஒப்பந்தத்தில் பிரதானிகளே கையெழுத்திட்டு நாட்டை ஆங்கிலேயருக்குக் கொடுத்தார்கள்.

இப்போது வேலூருக்கு வருகிறேன். 1816இல் மன்னரையும் குடும்பத்தையும் கப்பலில் சென்னைக்குக் கொண்டுவந்து, வேலூர்க் கோட்டையில் சிறை வைத்தார்கள். ஏரி வேலை தொடங்குவதற்குச் சற்று முன், 1806இல், சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே கோட்டை. திப்பு சுல்தானின் குடும்பம் அடைபட்டிருந்ததும் அங்கேதான். பாற்கடல் கட்ட நினைத்தவருக்குக் கிடைத்தது ஓர் அகழி. 1832இல் இறக்கும்வரை அவர் ஊர் திரும்பவே இல்லை. பாலாற்றங்கரையில் அவர் சமாதி இருக்கும் இடத்தில் 1990இல் தமிழக அரசு முத்து மண்டபம் கட்டியது. கண்டி ஏரிக்கு நம்மால் பஸ்ஸில் போக முடியாது. அதைக் கட்டியவரின் சமாதிக்கு, கிருஷ்ணகிரி, ஆம்பூர் வழியாகக் காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பிவிடலாம்.

கோட்டையில் மாணவர்கள் அகழியின் அமைப்பைப் பார்த்து வரைவார்கள். சலகண்டேசுவரர் கோயிலின் கல்யாண மண்டபத் தூண்களுக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறோம். பிறகு முத்து மண்டபம். கைப்பேசி வேண்டாம். வரைபடத் தாள், பென்சில், தொப்பி, தண்ணீர்ப் பாட்டில் போதும். மதிய உணவைப் பள்ளியே ஏற்பாடு செய்கிறது. பிள்ளைக்கு ஒவ்வாத உணவோ தொடர்ந்து சாப்பிடும் மருந்தோ இருந்தால் ஒப்புதல் படிவத்தின் பின்பக்கம் எழுதிவிடுங்கள். கட்டணம் செலுத்தச் சிரமம் இருந்தால் வகுப்பாசிரியரிடம் அல்ல, என்னிடமே நேரில் சொல்லுங்கள். அதற்காக எந்தப் பிள்ளையும் வீட்டில் தங்க வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோளும் உண்டு. கண்டியில் வாழ்ந்த தாத்தா பாட்டிகள் உங்கள் வீட்டில் இருந்தால், பயணத்துக்கு முந்தைய வாரம் ஒரு நாள் வகுப்புக்கு வந்து அந்த ஊரைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். அழைத்துவர முடியாவிட்டால் நாங்களே ஆட்டோ அனுப்புகிறோம். கையெழுத்திட்ட படிவம் வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் வந்து சேரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
சேலம்