கணினியை மாற்றுமுன் பாமினியை மாற்றுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிந்ததைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். பழைய கணினி வைத்திருப்பவர்கள் புதிதாக ஒன்றை வாங்குவதே வழி என்று அது முடிந்திருந்தது. களுவாஞ்சிகுடியில் டைப்செட்டிங், போட்டோகொப்பிக் கடை நடத்தும் எனக்கு அது சரியாகப் படவில்லை. வாங்க வசதியுள்ளவர் வாங்கட்டும். என்னைப் போன்ற சின்னக் கடைக்காரரும், பாடசாலைக் கணினி அறைக்குப் பொறுப்பான ஆசிரியர்களும், பிள்ளையின் படிப்புக்கென்று ரீகண்டிஷன் கணினி ஒன்றைத் தவணைக் காசுக்கு எடுத்துக் கொடுத்த பெற்றோரும் வேறு வழியைத்தான் யோசிக்கிறோம். விண்டோஸுக்குப் பதிலாகக் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கு முழுதாக மாறிவிடலாமா என்பதே அந்த யோசனை. அதைப் பற்றியும், அதற்கு முன் நாங்கள் கைவிட வேண்டிய பாமினியைப் பற்றியும் (ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுக்கும் பழைய எழுத்துரு அது) எழுத எனக்குக் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

என் கடையில் நிற்பவை நான்காம் தலைமுறை இன்டெல் கணினிகள். எஸ்.எஸ்.டி. போட்டு, ரம் கூட்டி, நன்றாகவே ஓடுகின்றன. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறைக்குக் குறையாத இன்டெல் செயலியும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும். இரண்டும் இவற்றில் இல்லை. தடையைத் தாண்டி ஏற்றித் தருகிறோம் என்று சொல்லும் தம்பிமார் ஊரில் இருக்கிறார்கள், ஏற்றவும் முடிகிறது. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு இற்றைப்படுத்தல் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசொஃப்ட் பொறுப்பேற்கவில்லை. விண்டோஸ் 10 இற்கு மேலதிகமாக ஓராண்டு பாதுகாப்பு இற்றைப்படுத்தல் பெறப் பதிந்துகொள்ளலாம். அது 2026 ஒக்டோபர் 13 வரைதான். ஆக, நல்ல நிலையில் இருக்கும் இயந்திரத்தைக் கழித்துவிடச் சொல்கிறார்கள். கடை வாடகை, தாள் விலை, டோனர் விலை தெரிந்த எவரும் அதற்கு இலகுவில் இணங்க மாட்டார்.

ஆகவே ஒரு கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 ஐ ஏற்றினேன். காசு இல்லை, களவுப் பிரதியும் இல்லை, 2029 வரை இற்றைப்படுத்தல் உண்டு. கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "சும்மா தாறத நம்பலாமா அக்கா?" என்பதுதான். இந்தக் கரையோரத்தில் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் உண்டு. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து போன பிறகு காணாமற் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவு செய்ய ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. 'சஹானா' என்ற பெயரில் அதை எழுதியவர்கள் இலங்கையின் தன்னார்வக் கணினிக்காரர்கள். கட்டற்ற மென்பொருளாகவே எழுதினார்கள், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று வெளியே விட்டார்கள். மறு வருடம் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது அங்கேயும் பயன்பட்டது. சும்மா கிடைப்பதில் என்ன பெறுமதி இருக்க முடியும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன்.

அன்றாட வேலையில் லினக்ஸ் எங்களுக்குப் பெரிய நிம்மதி தந்திருக்கிறது. தவணைப் பரீட்சைக் காலத்தில் ஆசிரியர்கள் வினாத்தாளைப் பென்டிரைவில் கொண்டுவருவார்கள். பாதிக்கு மேல் 'ஷோர்ட்கட்' வைரஸ். கோப்புறையைக் காணோம், அதன் பெயரில் ஒரு குறுக்குவழிச் சின்னம் மட்டும் இருக்கும். விண்டோஸில் அதை அமத்தினால் அந்தக் கணினிக்கும் தொற்றி, அடுத்து வருகிறவரின் பென்டிரைவுக்கும் போகும். லினக்ஸில் அந்த வைரஸ் ஓடாது. மறைக்கப்பட்டிருக்கும் உண்மையான கோப்புறையை வெளியே எடுத்து, குப்பையை அழித்து, சுத்தமாகக் கொடுத்துவிடலாம். கண் கலங்க வந்த ஒரு ரீச்சர் முழு வகுப்பின் வினாத்தாளையும் திரும்ப வாங்கிக்கொண்டு போனதை நான் மறக்க மாட்டேன். கடிதம், சுயவிபரக் கோவை, ஒன்லைன் விண்ணப்பம், ஸ்கேன், போட்டோகொப்பி எல்லாவற்றுக்கும் இந்தக் கணினி தாராளம்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் எல்லோரும் சறுக்கும் இடம் இருக்கிறது. அந்தக் கட்டுரை தொடாத இடமும் அதுதான்.

எங்கள் தொழிலின் உயிர் பழைய கோப்புகளில் இருக்கிறது. வைகாசி பிறந்தால் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறத்தல், திருக்குளிர்த்தி என்று நோட்டீஸ் வேலை குவியும். கோயிலைப் பரிபாலிக்கும் வண்ணக்கர் ஐயா வந்து நின்று, "புள்ள, போன வருசத்து நோட்டீச எடுத்து திகதிய மட்டும் மாத்தித் தா, மறுகா வந்து எடுக்கிறன்" என்பார். அந்தப் போன வருடத்து நோட்டீஸ், பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரில் இருக்கிறது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001 இல் வந்தது. எல்லாக் கணினியும் கைபேசியும் ஒரே மாதிரி வாசிக்கும் எழுத்துத் தரமான யூனிகோட் அதற்குத் தெரியாது. ஆகவே எழுத்தெல்லாம் பாமினி. மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், பூப்புனித நீராட்டு விழா அட்டை, கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர் எல்லாமே பாமினியில் அடித்தவை. மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்று வரை எந்த டைப்செட்டிங் கடைக்குப் போனாலும் இதே கதைதான்.

லினக்ஸில் பாமினி வேலை செய்யாது என்று சிலர் சொல்வது தவறு. எழுத்துரு கோப்பைக் கொண்டுபோய் உரிய கோப்புறையில் போட்டால் வேர்ட், எக்செல் போன்ற வேலைகளுக்கான இலவச மென்பொருளான லிப்ரே ஒஃபிஸில் பாமினி வழக்கம்போல அடிபடும். பேஜ்மேக்கர் கோப்பையும் அதிலுள்ள டிரோ என்ற வரைகலைச் செயலி திறக்கும். நான் ஒரு திருக்குளிர்த்தி நோட்டீஸைத் திறந்து பார்த்தேன். முதலில் வந்தது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு பக்கம். தமிழில் புள்ளி விழ வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவைப் போட்டதும் தமிழ் வந்தது. ஆனால் ஓரத்துப் பூ வேலைப்பாடு போய்விட்டது, வரிகள் இடம் பெயர்ந்திருந்தன, பூசை நேர அட்டவணை கலைந்து கிடந்தது. திருத்தலாம். வண்ணக்கர் ஐயா பின்னேரம் வந்து நிற்கும்போது திருத்த முடியாது.

பாமினியின் பெரிய சிக்கல் இதுவல்ல. அது கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். எழுத்துரு இல்லாத இடத்துக்குப் போனால் அந்த ஆவணம் யாருக்கும் பயன்படாது. தேட முடியாது, அகரவரிசைப்படுத்த முடியாது, கைபேசியில் வாசிக்க முடியாது. சரி, யூனிகோடுக்கு மாற்றுவோம் என்று இறங்கினால் இன்னொன்று காத்திருக்கிறது. பாமினியில் 'ர்' என்று வர வேண்டிய இடத்தில் பலர் கால் குறியை ('ா') போட்டு அதன் மேல் புள்ளி வைத்துவிடுவார்கள். அச்சில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. விரலுக்கும் அது வசதி. மாற்றி எடுத்ததும் 'அவர்கள்' என்பது 'அவா்கள்' ஆகி நிற்கும். வாசகருக்குக் கண்ணில் படாது, ஆனால் தேடினால் அகப்படாது. ஒரு கிராமத்தின் வரலாற்றை எழுதிய ஒரு பெரியவரின் கையெழுத்துப் பிரதியை நாங்கள் அடித்துக் கொடுத்திருந்தோம். அதை யூனிகோடாக்கிய பிறகு 'ஊர்' என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் ஊர் இருந்தது! லிப்ரே ஒஃபிஸில் தேடி மாற்றும் வசதியைக் கொண்டு காலும் புள்ளியும் சேர்ந்த இடத்தையெல்லாம் 'ர்' ஆக்கிய பிறகுதான் சரியானது. ஒரு நிமிட வேலைதான். ஆனால் அது தெரியாமல் இணையத்தில் ஏற்றப்பட்ட பக்கங்களை இன்றும் தினமும் பார்க்கிறேன், அரச அலுவலகங்களின் அறிவித்தல்கள் உட்பட.

யூனிகோடின் முதல் பதிப்பு 1991 இல் வந்தபோதே தமிழ் அதில் இருந்தது. இலங்கைத் தர நிர்ணயமும் 2008 இல் எஸ்.எல்.எஸ். 1326 என்று தமிழுக்கு வந்துவிட்டது, ரெங்கநாதன் விசைப்பலகையோடு. லினக்ஸில் ஐபஸ் என்ற வசதியைச் சேர்த்தால் அந்த விசைப்பலகையும் கிடைக்கிறது. ய, ள, ன, க, ப என்று பாமினியில் பழகிய விரல் பெரும்பாலும் அதே இடத்துக்கே போகிறது. என் கடையில் வேலை செய்யும் தங்கச்சி இரண்டு வாரத்துக்குள் வேகம் பிடித்துவிட்டா. யூனிகோடில் பக்கம் வடிவமைக்கத் தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோர்க்கும் ஸ்கிறைபஸ் 1.6 பதிப்பும் 2024 இல் வந்துவிட்டது. கருவி இல்லை என்று இனிச் சொல்ல முடியாது.

பிறகு என்ன தடை? எதிரில் இருப்பவர் வாங்க மாட்டேன் என்கிறார். ஒரு பத்திரிகையின் விளம்பரப் பிரிவுக்கு மரண அறிவித்தலை யூனிகோடில் அனுப்பினேன். பாமினியில் அடித்து அனுப்பச் சொல்லித் திருப்பிவிட்டார்கள். செத்த வீட்டுக்காரர் கடை வாசலில் நிற்க, அதே அறிவித்தலை மறுபடி அடித்தோம். ஒரு அரச அலுவலகத்திலிருந்து வந்த எக்செல் படிவம் உள்ளே மக்ரோ (தானாக இயங்கும் கட்டளைகள்) எழுதப்பட்டிருந்ததால் லினக்ஸில் ஒழுங்காக நிரம்பவில்லை. நிரப்பி வந்த தகவல்களை அவர்கள் கடைசியில் அச்செடுத்துக் கோவையில்தான் குத்தி வைத்தார்கள். ஒரு பீ.டி.எஃப். அனுப்பியிருந்தால் போதுமே!

ஜேர்மனியின் மியூனிக் நகரசபை 2003 இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, பல ஆண்டுகள் உழைத்து ஆயிரக்கணக்கான கணினிகளை மாற்றியது. 2017 இல் விண்டோஸுக்கே திரும்ப முடிவெடுத்தது. அதில் அரசியலும் இருந்தது. ஆனால் வெளி அலுவலகங்களோடு ஆவணங்களைப் பரிமாறுவதில் இருந்த தொல்லையும் பேசப்பட்டது. ஒரு முழு நகரசபைக்கே அந்த நிலை என்றால் களுவாஞ்சிகுடிக் கடை ஒன்று தனியே என்ன செய்ய முடியும்? இன்னொரு பக்கம், கேரளத்தில் பாடசாலைக் கணினிக் கல்வியையே கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். அங்கே அரசு, ஆசிரியர், பாடநூல், பரீட்சை எல்லாம் சேர்ந்தே மாறின.

எனவே என் முடிவு இது. வாடிக்கையாளர் பாவிக்கும் கணினிகளும் தட்டச்சுக் கணினியும் லினக்ஸுக்குப் போய்விட்டன, திரும்ப மாட்டா. ஒரு கணினி விண்டோஸ் 10 இலேயே நிற்கும். அதில் பேஜ்மேக்கர், பழைய நோட்டீஸ்கள், லினக்ஸில் பேசாத பழைய லேசர் பிரிண்டர். இணைய இணைப்பைக் கழற்றிவிட்டோம். பழைய கோப்பு ஒன்றை எடுக்கும்போதெல்லாம் அதை யூனிகோடில் புதிதாக அமைத்துச் சேமிக்கிறோம். இப்படிப் போனால் அந்தக் கணினியும் ஒரு காலம் ஓய்வு பெறும். இயங்குதளத்தை முதலில் மாற்றிவிட்டு எழுத்தைப் பிறகு பார்ப்போம் என்று இறங்கும் கடைக்காரரிடம், தயவுசெய்து எழுத்தை முதலில் பாருங்கள் என்றே சொல்வேன். யூனிகோடில் இருக்கும் கோப்பு விண்டோஸ் 11 இலும் திறக்கும், லினக்ஸிலும் திறக்கும், கைபேசியிலும் திறக்கும். பிறகு எந்த இயங்குதளம் என்பது அவரவர் வசதி.

இதில் கடைக்காரரால் ஆகக்கூடியது கொஞ்சம்தான். பிரதேச செயலகங்களும் வலயக் கல்வி அலுவலகங்களும் படிவங்களைப் பீ.டி.எஃப். ஆக வெளியிட்டு, தமிழ் ஆவணங்களை யூனிகோடில் மட்டும் ஏற்பது என்று ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும், பாதிப் பிரச்சினை முடிந்துவிடும். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஆலய பரிபாலன சபைகளும் பாடசாலைகளும் மலர் அச்சிடும்போது அச்சகத்திடமிருந்து யூனிகோட் பிரதியையும் கேட்டு வாங்கி வையுங்கள். இருபது வருடத்துக்குப் பிறகு உங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று அந்த மலரில் தன் பாட்டனாரின் பெயரைத் தேடும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் விளம்பரப் பகுதி அனுப்புநர்களிடம் எந்த எழுத்தில் கேட்கிறது என்று எனக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். மரண அறிவித்தலையும் நினைவஞ்சலியையும் இனி யூனிகோடிலோ பீ.டி.எஃப். ஆகவோ அனுப்பலாமா என்பதை இந்தப் பக்கத்திலேயே அறியத் தாருங்கள். எங்கள் பகுதிக் கடைக்காரர்களுக்கு அந்தப் பக்கத்தைக் கொப்பி எடுத்து நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
டைப்செட்டிங் கடை உரிமையாளர்,
பிரதான வீதி, களுவாஞ்சிகுடி.