முதல் நாளே மதிப்பெண் போடும் விமர்சகர்களுக்கு

மதிப்புக்குரிய இசை விமர்சகர்களே,

வணக்கம். நான் சென்னையில் இருந்துகொண்டு எலக்ட்ரோ பாப், அதாவது மின்னணு ஒலிகளில் செய்த பாப் இசை, கேட்கிற ஆள். புது ஆல்பம் ஒன்று வந்தால், பாட்டைப் போடுவதற்கு முன்னாலேயே நீங்கள் எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று பார்த்துவிடுவேன். பல வருடப் பழக்கம். உங்கள் எழுத்து எனக்குப் பிடிக்கும், அதில்தான் பாதி இசையைக் கற்றேன். ஆனால் அந்த எழுத்துக்குத் தலையில் ஒரு எண்ணை வைக்கிறீர்களே, அதுவும் ஆல்பம் வெளிவந்த அன்றைக்கே, அதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

2016 பிப்ரவரியில் பிரிட்டிஷ் பாப் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸ் 'வ்ரூம் வ்ரூம்' என்று நான்கே பாட்டு கொண்ட ஒரு சின்னத் தொகுப்பை வெளியிட்டார். அதன் ஒலிக்குப் பின்னால் இருந்தவர் இசைத் தயாரிப்பாளர் சோஃபி. ரெடிமேட் டிரம் ஒலிகளை எடுத்து ஒட்டுகிறவர் அல்ல அவர். ரப்பரை இழுத்தால், உலோகத்தைத் தட்டினால், குமிழி உடைந்தால் என்ன சத்தம் வரும் என்று யோசித்து, ஒவ்வொரு ஒலியையும் சின்தசைசரில் அடியிலிருந்து செய்தவர். அன்றைக்கு உங்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. பிட்ச்ஃபோர்க் என்ற அமெரிக்க இசை விமர்சனத் தளத்தில் பத்துக்கு 4.5.

எனக்கும் முதலில் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நிமிடம் கேட்டுவிட்டு நிறுத்தினேன். அடுத்த வருடம் ஒரு நாள் கிண்டியில் எலக்ட்ரிக் டிரெயின் ஏறி, தாம்பரம் போகிற வழியில், பாட்டுகள் தானாக ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தலைப்புப் பாட்டு மறுபடி வந்தது. கூட்டத்தில் கையை எடுத்து மாற்ற முடியவில்லை. எடுத்த எடுப்பிலேயே தகரத்தை வளைக்கிற மாதிரி ஒரு அதிர்வு. அதன் மேல் சார்லி பாடவில்லை, அதட்டுகிறார். இது நமக்கு ஆகாது என்று நினைக்கும்போதே அத்தனை சத்தமும் சட்டென்று விலகி, மெட்டு மட்டும் பாகு மாதிரி வழிகிறது. அப்புறம் மறுபடி தகரம். அந்த இனிப்பு வந்து விழுவதற்குத்தான் முன்னால் அவ்வளவு கரகரப்பு என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. தாம்பரம் போய்ச் சேர்வதற்குள் நான்கு முறை கேட்டேன்.

ரகுமான் பாட்டைப் பற்றி எங்கள் ஊரில் எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: "கேட்கக் கேட்கத்தான் பிடிக்கும்." புது ஒலி காதுக்குப் பழக நாள் ஆகும் என்பது இங்கே டீக்கடையில் பேசிக்கொள்கிற விஷயம்.

நீங்கள் 'வ்ரூம் வ்ரூம்' பற்றி என்ன எழுதியிருந்தாலும் ரசிகர்கள் அதை விடவில்லை. கச்சேரிக்குக் கச்சேரி அந்தப் பாட்டுக்குத்தான் கூட்டம் துள்ளியது. 2021 அக்டோபரில் பிட்ச்ஃபோர்க் தன் பழைய மதிப்பெண்களில் 19 ஆல்பங்களை எடுத்துத் திருத்தியது. பிரெஞ்சு எலக்ட்ரானிக் இசை இரட்டையர் டாஃப்ட் பங்கின் 'டிஸ்கவரி' 6.4இலிருந்து முழுதாக 10 ஆனது. 'வ்ரூம் வ்ரூம்' 4.5இலிருந்து 7.8 ஆனது. பல்கலைக்கழகத்தில் மறுமதிப்பீட்டுக்குப் போட்ட விடைத்தாள் திரும்பி வந்தது போல இருந்தது எனக்கு. ஒன்றே ஒன்றுதான் மனதை அறுத்தது. அந்த வருடம் ஜனவரி 30ஆம் தேதி, பௌர்ணமி நிலவைப் பார்க்க உயரமான இடத்தில் ஏறி, ஏதென்ஸில் சோஃபி தவறி விழுந்து இறந்திருந்தார். 34 வயது. எட்டு மாதம் கழித்து மதிப்பெண் ஏறியது.

திருத்தியதற்காக அவர்களை நான் பாராட்டுகிறேன். தப்பு என்று ஒத்துக்கொள்ள மனசு வேண்டும். ஆனால் ஐந்தரை வருடம் ஏன் ஆக வேண்டும்?

உங்கள் பக்கத்துக் கஷ்டமும் தெரியாமல் இல்லை. 2024 ஏப்ரலில் டெய்லர் ஸ்விஃப்ட் நள்ளிரவில் 16 பாடல்களை வெளியிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் 15 பாடல்களை இறக்கினார். மொத்தம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் இசை. அன்றைக்கே விமர்சனங்கள் வரத் தொடங்கிவிட்டன. பேஸ்ட் என்ற பத்திரிகை தன் விமர்சனத்தை, எழுதியவர் பெயரே இல்லாமல் வெளியிட்டது, ஏனென்றால் 2019இல் டெய்லரின் முந்தைய ஆல்பம் ஒன்றுக்கு விமர்சனம் எழுதியவரை ரசிகர்கள் மிரட்டியிருந்தார்கள். ஒரு ஆல்பம் பிடிக்கவில்லை என்று எழுதியவரை வன்முறை சொல்லி மிரட்டுவது ரசனை அல்ல, ரவுடித்தனம். என்னைப் போன்ற ரசிகர்கள் இதை உரக்கச் சொல்ல வேண்டும், சொல்கிறேன். அதே நேரம், அந்தச் சண்டை முக்கால்வாசி எண்ணை வைத்துத்தான் நடக்கிறது. நீங்கள் எழுதிய ஆயிரம் வார்த்தையை யாரும் படிப்பதில்லை. எல்லா விமர்சகர்களின் மதிப்பெண்களையும் சேர்த்து நூற்றுக்குக் கணக்கிடும் மெட்டாக்ரிட்டிக் தளத்தின் சராசரி ஒரு புள்ளி இறங்கினால்தான் கொதிக்கிறார்கள்.

ரசிகர்களும் அவசரக்காரர்கள்தான். 2024இல் சார்லியின் 'பிராட்' ஆல்பத்தின் அட்டைப்படம் வந்தபோது, பச்சைப் பின்னணியில் மங்கலான நான்கு கறுப்பு எழுத்துகளா, பாடகியின் முகம் எங்கே என்று முணுமுணுத்தவர்கள் அவருடைய சொந்த ரசிகர்களே. 2025 பிப்ரவரியில் அந்த அட்டைக்கே கிராமி கிடைத்தது. லேடி காகாவின் 'ஆர்ட்பாப்' கதை இதற்கு நேர் எதிர். 2013இல் கலவையான விமர்சனம் வாங்கிய அந்த ஆல்பத்தை, 2021இல் ரசிகர்கள் காசு கொடுத்து வாங்கியே ஐடியூன்ஸ் விற்பனைப் பட்டியலில் மறுபடி ஏற்றினார்கள். அது வெளிவந்த பிறகு தான் உடைந்துபோனதாக அப்போதுதான் காகா எழுதினார்.

நான் கேட்பது இதுதான். முதல் நாள் எழுதுங்கள், எண் போடாதீர்கள். எத்தனை முறை கேட்டீர்கள், ஸ்பீக்கரிலா ஹெட்போனிலா என்று ஒரு வரி சேருங்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆள் அதே ஆல்பத்தை மறுபடி கேட்டு எழுதட்டும். எண் கட்டாயம் வேண்டும் என்றால் அப்போது போடுங்கள். பழைய கட்டுரையை அழிக்க வேண்டாம், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும். பத்திரிகை முதலாளிகள் முதல் நாள் வாசகர்களை விட்டுத்தர மாட்டார்கள் என்பது தெரியும். 2024 ஜனவரியில் பிட்ச்ஃபோர்க்கையே ஜிக்யூ என்ற ஆண்கள் பத்திரிகையோடு சேர்த்து ஆட்களைக் குறைத்தார்கள். இருந்தாலும் ஆசிரியர் கூட்டத்தில் இதை ஒருவராவது பேசிப் பார்க்கலாம்.

'பிராட்' ஆல்பத்துக்கு மெட்டாக்ரிட்டிக்கில் 95 வந்தது. தகுதியானதுதான். அதில் 'ஸோ ஐ' என்று ஒரு பாட்டு, சோஃபிக்காக எழுதியது. உயிரோடு இருந்தபோது ஏன் விலகி நின்றேன் என்று சார்லி அதில் வருந்துகிறார், இது உனக்குப் பிடித்திருக்குமா என்று கேட்கிறார். அந்தப் பாட்டைப் புகழ்ந்து எழுதிய உங்களிடம் ஒரு வேண்டுகோள். அதைக் கேட்ட கையோடு, 2016இல் வந்த அந்த நான்கு பாட்டையும் இன்று இரவு ஒருமுறை போட்டுக் கேளுங்கள். கால் மணி நேரம்கூட ஆகாது.

அன்புடன்,
சென்னையிலிருந்து ஒரு ரசிகர்