ஆறாம் பாகம் வருவதற்குள்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே எல்லாரும் நலம். ஜிடிஏ (கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ) வீடியோ கேமின் ஆறாம் பாகத்துக்கு இப்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். அக்டோபர் கடைசி வரை பொறு. தேதி குறித்துவிட்டு முகூர்த்தத்தைத் தள்ளுவது அதை உருவாக்கும் ராக்ஸ்டார் கம்பெனிக்குப் பழக்கம். நான்காம் பாகம் 2007 அக்டோபர் 16 என்றார்கள், வந்தது 2008 ஏப்ரல் 29. ஐந்தாம் பாகம் 2013 வசந்தத்தில் என்றார்கள் (அவர்களுக்கு வசந்தம், நமக்கு இலையுதிர்காலம்), செப்டம்பர் 17 ஆயிற்று. அதே கம்பெனியின் இன்னொரு விளையாட்டான ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 இரண்டு முறை தள்ளி 2018 அக்டோபர் 26-இல் வந்தது. ஆறாவதும் 2025 என்று தொடங்கி, 2026 மே 26 ஆகி, இப்போது நவம்பர் 19-இல் நிற்கிறது. ரெட் டெட் இரண்டாம் முறை தள்ளிச் சொன்ன தேதியைக் காப்பாற்றியது. அதை வைத்து இதுவும் நிற்கும் என்றே நினைக்கிறேன். தள்ளுவதாக இருந்தால் மாதக்கணக்கில் முன்பே சொல்லிவிடுவார்கள், கடைசி வாரத்தில் கையை விரித்ததில்லை. 19 வியாழக்கிழமை, தீபாவளி கழிந்து பதினொன்றாம் நாள். வியாழன், வெள்ளி இரண்டு நாள் லீவு போதும்.

பழைய பாகங்களையெல்லாம் திரும்ப ஆட வேண்டியதில்லை. 2002-இல் வந்த வைஸ் சிட்டி என்ற பாகம் அதே பெயருள்ள ஊரில் 1986-இல் நடக்கிற கதை. புதியதில் ஊர்ப்பெயர் அதேதான், ஆனால் லியோனிடா என்ற கற்பனை மாநிலத்தில், இன்றைய காலத்தில் நடக்கிறது. ஆட்களும் வேறு. ஜேசன், லூசியா என்று இருவர். முப்பரிமாணத்துக்கு மாறியபின் இந்த வரிசையின் முக்கியப் பாகம் ஒன்றில் பெண் நாயகியாக வருவது இதுதான் முதல் தடவை. கை பழக வேண்டுமென்றால் ரெட் டெட் 2-ஐ ஒரு வாரம் ஆடு, அது போதும்.

கம்ப்யூட்டருக்குப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கும் யோசனையை விடு. அறிவிப்பில் இருப்பது டிவியில் செருகி ஆடும் பெட்டிகளான பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5), எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் மட்டும். ஐந்தாம் பாகம் கம்ப்யூட்டருக்கு வர 19 மாதம் ஆயிற்று, ரெட் டெட் 2-க்கு ஒரு வருஷத்துக்கு மேல். சோதனைப் பதிப்பு என்று வாட்ஸ்அப்பில் வரும் இணைப்பு எதையும் தொடாதே. எல்லாம் பாஸ்வேர்டு பிடுங்குகிற வேலை.

இனி உன் பிஎஸ்5 பெட்டிக்கு வருகிறேன். எனக்குக் கவலை விளையாட்டைப் பற்றியல்ல, உன் சுவர் பிளக்கைப் பற்றித்தான். நவம்பர் என்றால் ஜோஹன்னஸ்பர்க்கில் மாலைதோறும் இடி மின்னல். இணையம் பைபர் என்பதால் அந்த வழியாக மின்னல் வராது, கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. ஆனால் கூரையிலுள்ள டிஷ் வயர் செம்பு. மின்னல் அதன் வழியே டீகோடருக்கு (செட்டாப் பாக்ஸ்) வந்து, அங்கிருந்து எச்டிஎம்ஐ வயர் வழியாக டிவிக்குப் போய், டிவியிலிருந்து இன்னொரு எச்டிஎம்ஐ வழியாகப் பெட்டிக்குள் இறங்கும். அதனால்தான் மின்னலுக்குப் பிறகு பெட்டி ஓடியும் படம் வராமல் போகிறது: பவர் சப்ளை பிழைத்திருக்கும், எச்டிஎம்ஐ சிப் போயிருக்கும். வானம் கறுத்தால் சுவிட்சை மட்டும் அணைத்து உட்காராதே. பவர் வயர், எச்டிஎம்ஐ, டிஷ் வயர் மூன்றையும் பிடுங்கு. மின்சாரத் துள்ளலைத் தடுக்கும் சர்ஜ் பிளக்கில் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார். உள்ளே இருக்கும் பாதுகாப்புத் துண்டு ஒவ்வொரு அடியையும் வாங்கித் தேய்ந்துபோகும். விளக்கு அணைந்துவிட்டால் அது வெறும் பிளக்குதான்.

மின்சாரம் போவதைவிடத் திரும்பி வரும் நொடிதான் ஆபத்து. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜ், கீசர் எல்லாம் ஒரே சமயத்தில் இழுக்கும், வோல்டேஜ் துள்ளும். விளக்கு வந்தபின் ஐந்து நிமிடம் கழித்துச் செருகு. லோட் ஷெட்டிங் முன்போல் தினமும் இல்லை என்று அசட்டையாக இருக்காதே, தெருமுனை மின்சாரப் பெட்டி பழுதானாலும் கதை அதேதான். அதனால் பெட்டியை ரெஸ்ட் மோடில் (அரைத்தூக்கத்தில்) விட்டுவிட்டு வேலைக்குப் போகாதே. அப்டேட் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே இருக்கும் கோப்புப் பட்டியல் (டேட்டாபேஸ்) குழம்பிவிடும். அப்படி ஆனால் பயப்படாமல் பெட்டியை முழுக்க அணை. பவர் பட்டனை அழுத்திப் பிடி. ஒரு பீப் கேட்கும், ஏறத்தாழ ஏழு நொடியில் இரண்டாவது பீப் கேட்கும், அப்போது கையை எடு. கன்ட்ரோலரை யுஎஸ்பி வயரில் செருகி, அதிலுள்ள பிஎஸ் பட்டனை அழுத்தினால் சேஃப் மோடு என்ற பழுதுபார்க்கும் திரை வரும். அதில் கேஷை அழித்து டேட்டாபேஸைத் திரும்பக் கட்டுவதைத் தேர்ந்தெடு. விளையாட்டும் சேமிப்பும் அழியாது. அதே திரையில் ரீசெட் என்று இருப்பதைத் தவறியும் தொடாதே. பிஎஸ்5 விளையாட்டின் சேமிப்பை யுஎஸ்பியில் நகலெடுக்க முடியாது, பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் கிளவுடில் வைக்கலாம், அவ்வளவுதான்.

யுபிஎஸ் வாங்க நினைத்தால் ஒரு கணக்கு. பெட்டி ஆடும்போது 200 வாட், டிவி 100. கடையில் கிடைக்கும் 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் தாங்கும், ஆனால் உள்ளே இருக்கும் சிறு பேட்டரி இந்தச் சுமையில் பத்து நிமிடம்கூட நிற்காது. சேமித்து ஒழுங்காக அணைக்க அது போதும். தூய சைன் அலை என்று எழுதியிருக்கிறதா பார்த்து வாங்கு. மலிவானதில் சதுர அலை வரும், பவர் சப்ளை முனகும், சில சமயம் மாறுகிற நொடியிலேயே அணைந்துவிடும்.

இடம். உன்னுடையது முதல் மாடல், 825 ஜிபி என்று எழுதியிருந்தாலும் கைக்குக் கிடைப்பது 667. ரெட் டெட் 2 பிஎஸ்4-இலேயே இரண்டு டிஸ்கில் வந்து 100 ஜிபி சுற்றி விழுங்கியது. ஆறாம் பாகம் அதைவிடக் குறையும் என்று நான் நம்பவில்லை. 200 ஜிபி காலியாக வை. உன் லைன் 50 எம்பிபிஎஸ் என்றால் 100 ஜிபி இறங்க நாலரை மணி நேரம், 25 என்றால் ஒன்பது. ஆகவே முதலில் செலவில்லாத வழி: ஆடாத இரண்டு விளையாட்டை ஒரு யுஎஸ்பி டிரைவுக்கு நகர்த்து. பிஎஸ்5 விளையாட்டை அதிலிருந்து ஆட முடியாது, வைத்துக்கொள்ளலாம். திரும்பக் கொண்டுவருவது டவுன்லோடைவிடப் பல மடங்கு வேகம்.

அதுவும் போதவில்லை என்றால் எம்.2 எஸ்எஸ்டி, பெட்டிக்குள் செருகும் கூடுதல் சேமிப்புத் துண்டு. பிளாக் ஃபிரைடே நவம்பர் 27, விளையாட்டு வந்து எட்டு நாள் கழித்து. அதுவரை பொறுத்தால் காசு மிச்சம். வகை ஜென்4 என்விஎம்இ, வாசிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்பிக்குக் குறையாமல், அளவு 2280 (22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம்), ஹீட்சிங்கோடு (வெப்பத்தை இழுக்கும் உலோகத் தகடு) சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டருக்குள். வயரைப் பிடுங்கி, கவரை நகர்த்தி, நீளமான உலோக மூடியின் ஒரே ஸ்க்ரூவைக் கழற்று. உள்ளே குட்டி ஸ்க்ரூவும் வளையமும் இருக்கும். வளையத்தை 80 என்று எழுதிய குழிக்கு மாற்று. அதை மறந்து வேறு குழியில் விட்டால் ஸ்க்ரூ போட இடமிருக்காது, துண்டு மேலே தூக்கி நிற்கும். துண்டைச் சாய்வாகச் செருகி, பிறகு படுக்க அழுத்தி, ஸ்க்ரூவை இறுக்கு. பலர் செய்கிற தப்பு ஒன்று: ஹீட்சிங்கின் அடியில் ஒட்டியிருக்கும் கண்ணாடிக் காகிதத்தை உரிக்காமல் மூடிவிடுவார்கள். வெப்பம் ஏறாது என்று நினைத்து வாங்கிய பொருளே வெப்பத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

கவர் கழன்றிருக்கும்போதே தூசிக் குழிகள் இரண்டையும் வாக்யூமால் மெல்ல உறிஞ்சு. காற்றாடிக்கு நேரே பிடிக்காதே, வேகமாகச் சுற்றினால் கெடும். உன் ஊர் கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல். காற்று நம் ஊரைவிட ஆறில் ஒரு பங்கு மெலிது, அதே காற்றாடி குறைவாகவே வெப்பம் எடுக்கும். டிவி அலமாரிக்குள் திணிக்காமல், சுற்றிலும் பத்து சென்டிமீட்டராவது விட்டு வெளியே வை.

ஒன்றாம் எண் ஸ்டார் (கூட்டல் குறி முனை) ஸ்க்ரூ டிரைவரை மாமா அடுத்த வாரம் அங்கே வரும்போது கொடுத்தனுப்புகிறேன். அம்மா போட்ட மாங்காய் ஊறுகாய் பாட்டிலும் அதே பையில்தான் இருக்கிறது. எண்ணெய் பட்டிருந்தால் நன்றாகத் துடைத்துவிட்டுப் பெட்டியைத் திற.

அன்புடன்,
அப்பா