ஊதுபத்திப் புகை எந்தப் பக்கம் போகிறது

திருப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள பங்காளி,

சித்திரையில் நீ போட்ட கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன். நீ திட்டிக்கொண்டிருப்பதாகச் சோடாபுட்டி போனில் சொன்னான். திட்டு, உனக்கு உரிமை உண்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் நர்சிங் மூன்றாம் வருடம், சின்னவன் பிளஸ் டூ. மழை வந்ததும் அம்மாவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. உன் மகள் கல்யாணத்துக்கு வராததற்கு நேரில் வந்துதான் மன்னிப்புக் கேட்பேன். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் தொழில் பழகின பழைய மில்லில், மேஸ்திரி மெழுகுவத்தியைக் கொளுத்திக்கொண்டு லங்காஷயர் பாய்லரைச் சுற்றி வருவாரே, ஞாபகம் இருக்கிறதா? நீ பின்னாலேயே மணி ஆட்டிக்கொண்டு போய் அறை வாங்கினாயே? அந்த மெழுகுவத்தி எதற்கு என்று போன மாதம்தான் எனக்கு முழுசாக விளங்கியது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பொறுமையாகப் படி, உன் மில்லுக்கும் இதில் வேலை இருக்கிறது.

எங்கள் சாயப்பட்டறையில் ஸ்டீம் என்றால் சாயம் காய்ச்ச மட்டும் இல்லை, உனக்குத் தெரியும். 2011-இல் ஹைகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட வெளியே விடக்கூடாது என்றாகிவிட்டது. கடைசியில் மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் காய்ச்சி உப்பாக்க வேண்டும். எங்களுக்குச் சொந்தமாக எவாப்பரேட்டர் இருக்கிறது, அது ராத்திரி பகலாக ஸ்டீம் குடிக்கும். மணிக்கு மூன்று டன் ஸ்டீம் தரக்கூடிய விறகு பாய்லர், ஒரு நாளைக்குச் சராசரியாக 42 டன் ஸ்டீம், அதற்கு 12 டன் சீமைக் கருவேல விறகு. அதாவது ஒரு கிலோ விறகுக்கு மூன்றரைக் கிலோ ஸ்டீம். முதலாளி தினமும் காலையில் வந்து எடை மேடைச் சீட்டைப் பார்ப்பார், அப்புறம் என் முகத்தைப் பார்ப்பார்.

போன வருடம் பிரஷர் நிற்கவில்லை என்று புலம்பினேன் அல்லவா? அப்போது ஒருவர் வந்து, "ஐ.டி. ஃபேன் சின்னது, இழுப்புப் போதவில்லை" என்று சொல்லி, புகையைச் சிம்னிக்கு இழுக்கிற அந்த ஃபேனுக்குப் பதிலாகப் பெரிய ஃபேனை மாட்டிவிட்டுப் போனார். சிம்னியில் புகையே இல்லாமல் போயிற்று. கண்ணாடி மாதிரி இருக்கும். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். விறகு மட்டும் குறையவில்லை, மாறாகக் கொஞ்சம் ஏறியது. விறகு ஈரம், ஃபயர்மேன் சரியில்லை என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அடுப்பில் விறகு போடுகிற அந்த ஃபயர்மேன் ஒடிசாப் பையன், 22 வயசு. அவன் கைமுடி முழுக்கக் கருகிப் போயிருக்கும். அவனை மாற்றச் சொல்லி ஒரு வாரம் பேச்சு நடந்தது. எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை பங்காளி.

அந்தச் சமயத்தில்தான் எரிபொருள் எங்கே வீணாகிறது என்று கணக்கெடுக்கிற எனர்ஜி ஆடிட்டுக்கு ஒரு பெண் வந்தாள். என் பெரியவளைவிட நாலைந்து வயசு கூட இருக்கலாம். பாய்லரை விட்டுப் புகை வெளியேறும் இடத்தில் துளையைத் திறந்து கருவியின் கம்பியைச் சொருகினாள். புகையில் ஆக்சிஜன் நூற்றுக்கு 13, சூடு 240 டிகிரி. "புகையே இல்லையே அம்மா, நல்லாத்தானே எரியுது" என்றேன். அவள் நோட்டை எடுத்து ஒரு கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கை உனக்கும் எழுதுகிறேன், உன் மில்லில் போட்டுப் பார்.

காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்கு. 21-இல் 13 போனால் 8. பதிமூன்றை எட்டால் வகு, 1.6 வரும். எரிய எவ்வளவு காற்று வேண்டுமோ அதற்கு மேலே இன்னும் 1.6 மடங்கு காற்று சும்மா உள்ளே வந்து போகிறது என்று அர்த்தம். ஒரு கிலோ விறகுக்கு ஐந்து கிலோ காற்று இருந்தால் ஏறக்குறையப் போதும். நாங்கள் 13 கிலோ விட்டிருக்கிறோம்! அதில் பெரும்பங்கு நைட்ரஜன். அது எரியாது, எரிக்கவும் உதவாது. 35 டிகிரியில் உள்ளே வந்து, நம் விறகில் குளிர்காய்ந்து, 240 டிகிரியில் சிம்னி வழியாகப் போய்விடும். கணக்குப் பார்த்தால் விறகின் சூட்டில் ஐந்தில் ஒரு பங்கு இந்த வழியில் மட்டும் போகிறது. விறகிலிருக்கும் ஈரத்தோடு போவது தனி.

நாம் படித்ததெல்லாம் கறும்புகை வந்தால் நஷ்டம் என்றுதானே? அது உண்மைதான். கரி முழுசாக எரிந்தால் கிலோவுக்கு 8,000 கிலோ கலோரிக்கு மேல் தரும். காற்றுப் போதாமல் பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடாகப் போனால் 2,400 சொச்சம்தான். ஆனால் அந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரியும், திட்டுவதற்கு ஆள் வருவான். காற்று கூடிப் போகிற நஷ்டத்துக்கு நிறமே கிடையாது. சிம்னி சுத்தமாக இருக்க இருக்க முதலாளிக்குச் சந்தோஷம்.

சரி, இவ்வளவு காற்று எங்கிருந்து வருகிறது? அடுப்புக்குள் காற்றை ஊதுகிற எஃப்.டி. ஃபேனின் டேம்பர், அதாவது காற்றை மட்டுப்படுத்துகிற தகடு, பாதிதான் திறந்திருக்கிறது. அந்தப் பெண் கேட்டாள்: "சார், ஊதுபத்தி இருக்கா?" சாமி படத்துக்கு வைக்கிற கட்டு இருந்தது. ஒன்றைக் கொளுத்தி ஃபயர் டோரின் ஓரத்தில் பிடித்தாள். அது வரை நேராக மேலே போய்க்கொண்டிருந்த புகை நூல் மாதிரி வளைந்து கதவின் மேல் மூலைக்குள் சுருக்கென்று போயிற்று. கதவு சூட்டில் வளைந்திருக்கிறது, கயிற்றுப் பேக்கிங் கருகி உதிர்ந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கீழே சாம்பல் கதவில் பிடித்தாள், பத்தியின் நுனி பளிச்சென்று சிவந்து புகை முழுசும் உள்ளே போனது. அப்புறம் ஃபயர் பிரிக் கட்டும் முன் தகடும் சேருகிற இடத்தில் ஒரு விரிசல், என் சுண்டு விரல் அகலம். நான் பத்தியை அவளிடமிருந்து வாங்கி நானே சுற்றி வந்தேன். பாதிச் சுற்றில்தான் மேஸ்திரியின் ஞாபகம் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன்.

லங்காஷயர் பாய்லர் செங்கல் கட்டுக்குள் படுத்திருக்கும். நெருப்பு இரண்டு குழாய் வழியாகப் பின்னால் போய், அடிவயிற்றின் கீழே திரும்பி, பக்கவாட்டில் சுற்றிச் சிம்னிக்குப் போகும். அந்தச் செங்கல் கட்டில் விழுகிற ஒவ்வொரு விரிசலும் காற்றை உறிஞ்சும். அதைத்தான் அவர் மெழுகுவத்திச் சுடர் சாய்வதில் கண்டுபிடித்து, களிமண் அப்பச் சொல்லியிருக்கிறார். நாம் கார்த்திகை தீபம் என்று சிரித்தோம். புது பாய்லர் வந்ததும் செங்கல் கட்டு போயிற்று, மெழுகுவத்தியும் போயிற்று. பெரிய ஃபேன் மாட்டினால் ஓட்டை எல்லாம் இன்னும் பலமாக உறிஞ்சும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மூன்று நாள் ஷட்டவுன் வாங்கினேன். கதவை லேத்துக்கு அனுப்பி நேராக்கி, கண்ணாடி இழைக் கயிறு வைத்தோம். விரிசலுக்கு ஃபயர் கிளே. ஐ.டி. டேம்பரை இறுக்கி, ஃபர்னஸ் இழுப்பைத் தண்ணீர் மட்ட அளவில் 12 மில்லிமீட்டரிலிருந்து 3-க்குக் கொண்டுவந்தோம். பாய்லரைத் தாண்டிப் போகிற பாதையிலும் இரண்டு ஓட்டை இருந்தது, அதையும் அடைத்தோம். அங்கே நுழைகிற காற்று விறகைத் தின்னாது, ஃபேன் கரண்டைத்தான் தின்னும். ஆனாலும் தின்கிறதே.

இதோடு முடியவில்லை. ஆசையில் ஆக்சிஜனை 5 வரைக்கும் இறக்கிப் பார்த்தேன். கருகருவென்று புகை! அப்போதுதான் அடுத்தது தெரிந்தது. விறகில் முக்கால் பங்குக்கு மேல் வாயுவாகக் கிளம்பி, விறகு கிடக்கிற இரும்புக் கம்பித் தட்டான கிரேட்டுக்கு மேலேதான் எரிகிறது. மேலே காற்று ஊதுகிற துளைகளில் பாதிக்கு மேல் சாம்பல் கெட்டித்து அடைத்திருந்தது. கீழே வேண்டாத காற்று, மேலே வேண்டிய காற்று இல்லை. துளைகளைக் கம்பி விட்டுக் குத்திவிட்டு 8-இல் நிறுத்தினேன். புகை இல்லை, வெளியேறும் சூடும் 200-க்கு வந்துவிட்டது. கட்டை கட்டையாகப் போடுகிற அடுப்புக்கு 8 போதும் என்று அந்தப் பெண்ணும் சொன்னாள்.

பையனுக்கும் ஒன்று சொன்னேன். முன்னால் கதவை ஆவென்று திறந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை மொத்தமாகத் திணிப்பான். திறந்திருக்கிற நேரமெல்லாம் குளிர்காற்று நேராக உள்ளே போகும். இப்போது விறகைப் பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாக, சீக்கிரம் சீக்கிரமாகப் போட்டு உடனே மூடுகிறான். இரண்டே நாளில் அடுப்புச் சத்தத்தை வைத்தே காற்று கூடுதலா குறைவா என்று சொல்ல ஆரம்பித்துவிட்டான். நான் மீட்டரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவேன். இவனையா மாற்றச் சொன்னார்கள் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

இப்போது அதே 42 டன் ஸ்டீமுக்கு பத்தரை டன் விறகு. தினமும் ஒன்றரை டன் மிச்சம். புது மெஷின் ஒன்றும் வாங்கவில்லை.

இன்னும் தீராத கவலை ஈர விறகு. மழையில் வருகிற லோடை அப்படியே எடை போட்டுப் பணம் கொடுக்கிறார்கள். நூறு கிலோவில் நாற்பது கிலோ தண்ணீர் என்றால் விறகு அறுபதுதான். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிச் சிம்னியில் அனுப்பக் கிலோவுக்கு 650 கிலோ கலோரி ஏறக்குறைய ஆகும், ஆக 26,000 கிலோ கலோரி. தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி, காசு கொடுத்துக் காய்ச்சி, ஆகாயத்தில் விடுகிறோம். ஷெட் போட்டு மூன்று மாதம் காயவைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இடம் இல்லை என்கிறார்கள். ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன், விடமாட்டேன்.

போன ஞாயிறு பொள்ளாச்சி போய் மேஸ்திரியைப் பார்த்தேன். எண்பத்து நாலு வயசு. கண் ஏறக்குறைய போய்விட்டது, குரல் அப்படியே இருக்கிறது. ஊதுபத்தி விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "எக்கனமைசர் சங்கிலி இன்னும் ஓடுதா கண்ணு?" என்றார். அந்த மில்லே இல்லையே பங்காளி, என்ன சொல்வது? கிரீன்ஸ் எக்கனமைசர் என்று எழுத்து வார்த்திருக்குமே, அதைச் சொல்கிறார். குழாயின் மேல் சுரண்டி ஏறி இறங்குகிற சத்தம் எனக்கும் காதிலேயே இருக்கிறது. எட்வர்ட் கிரீன் என்கிற இங்கிலாந்துக்காரர் 1845-இல் பேட்டன்ட் வாங்கினது அது. வீணாகிற புகையில், பாய்லருக்குள் போகிற ஃபீட் வாட்டரைச் சூடாக்குவது மட்டும் இல்லை, குழாயில் படிகிற புகைக்கரியை ஓயாமல் சுரண்டிக்கொண்டே இருப்பதுதான் அதன் சூட்சுமம். தண்ணீர் ஆறு டிகிரி ஏறிப் போனால் விறகில் நூற்றுக்கு ஒன்று மிச்சம் என்று மேஸ்திரி அன்றைக்கே நம்மை மனப்பாடம் செய்ய வைத்தார். நான் இங்கே ஸ்டீம் குளிர்ந்து சுடுதண்ணீராகத் திரும்புகிற கன்டென்சேட் லைனைத் திருப்பி, ஃபீட் வாட்டர் டேங்குக்குக் கொண்டுவரும் வேலையைத் தொடங்கிவிட்டேன்.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சாம்பல் என்ன நிறம்?" எனக்குச் சட்டென்று சொல்ல வரவில்லை. "பார்த்துட்டு வா" என்றார். மறுநாள் போய்ப் பார்த்தேன். சாம்பல் வெளுப்புத்தான், ஆனால் பட்டாணி அளவு கரித்துண்டு இன்னும் கிடக்கிறது. கிரேட் பார் இரண்டு தேய்ந்து இடைவெளி கூடியிருக்கிறது. மாற்றச் சொல்லிவிட்டேன்.

உன்னைப் பற்றியும் விசாரித்தார். உமி பாய்லர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அது கறுப்பாக இருந்தால் அவ்வளவு கரியும் எரியாமல் வெளியே போகிறது என்று அர்த்தம். உன் மில்லுக்குப் பின்னால் மலைபோல் கறுப்பாகக் கொட்டிக் கிடந்ததே, நான் வந்தபோது பார்த்தேன். அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

பொங்கல் முடிந்த ஞாயிறு இரண்டு பேரும் பொள்ளாச்சி போகிறோம், லீவு சொல்லி வை. அதற்குள் ஒரு ஊதுபத்திக் கட்டு வாங்கி உன் பாய்லரைச் சுற்றி வந்துவிடு, இந்தத் தடவை மணி வேண்டாம். வரும்போது உன் சாம்பல் ஒரு பிடி கவரில் கட்டிக்கொண்டு வா, அவர்தான் கேட்டார். நிறம் தெரியாவிட்டாலும் விரலில் தேய்த்தே சொல்லிவிடுவேன் என்கிறார்.

அன்புடன்
உன் பங்காளி