உன் கணக்கில் தண்ணீர் இல்லை

அன்புள்ள கண்ணுக்கு,

வேலையை விட்டுவிட்டு நாமக்கல்லுக்கே வந்து வண்டி கழுவும் வாட்டர் சர்வீஸ் போடப்போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே நினைப்பு. வா சாமி, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நீ அனுப்பிய செலவுக் கணக்கை இரண்டு தடவை படித்தேன். மோட்டார், பம்பு, ஹோஸ், தண்ணீர் பீய்ச்சும் கன், ஷாம்பு எல்லாம் இருக்கிறது. தண்ணீரைக் காணோம்.

அப்பா ஷெட் நடத்திய காலம் முழுக்க நோட்டு எழுதியது நான்தான். நம் பம்பு நிமிஷத்துக்கு 15 லிட்டர் தள்ளும். ஒரு காருக்கு 20 நிமிஷம் கன்னை அழுத்தினால் 300 லிட்டர். 1,000 லிட்டர் டேங்க் மூன்று காருக்கே சரியாகிவிடும். சேற்றோடு வரும் லாரிக்குக் கேட்கவே வேண்டாம். சித்திரையில் போர்வெல் வற்றி டேங்கர் தண்ணீர் வாங்கிய மாதங்களில் எங்களுக்கு மிஞ்சியது ஒன்றுமில்லை. இடம் பேசும் முன் அங்குள்ள போர்வெல் தண்ணீரைச் சோதித்துப் பார். உப்பாக இருந்தால் கறுப்புக் காரில் காய்ந்ததும் வெள்ளைத் திட்டு நிற்கும், பம்பையும் அரிக்கும்.

ஒரு ஆயுத பூஜைக்கு முந்தின நாள், டேங்க் காலியானது தெரியாமல் கிளீனர் பையன் பம்பை ஓட்டிவிட்டான். சத்தம் மாறியதும் அப்பா ஓடிப்போய் அணைத்தார். அதற்குள் தண்ணீரைத் தடுக்கும் சீல் போய், பம்பு ஆயிலில் தண்ணீர் கலந்து பால் மாதிரி வெளுத்துவிட்டது. வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்க, அப்பா அந்த ஆயிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு சீல் கிட், ஒரு ஹோஸ், இரண்டு நாசில் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். அதையும் முதலீட்டில் எழுது.

ஆயுத பூஜை வசூலைப் பார்த்து மாத வருமானம் போடாதே. அடுத்தே ஐப்பசி மழை வந்துவிடும். வாரக்கணக்கில் யாரும் வண்டி கழுவ வர மாட்டார்கள். வாடகையும் பையன் சம்பளமும் கரண்ட் பில்லும் மழைக்கு நிற்காது. நான்கு மாதச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத் தொடங்கு.

அப்புறம் அந்த மானியம். சுயதொழிலுக்கு மத்திய அரசு மானியத்தோடு கடன் தரும் பி.எம்.இ.ஜி.பி. திட்டத்தில் 5 லட்சம் ரூபாய்த் தொழிலுக்குப் போட்டால், பொதுப் பிரிவுக்கு நகரத்தில் 15 சதவீதம், அதாவது 75,000. கிராமத்தில் 25 சதவீதம், 1,25,000. நீ அதைக் கையில் வரும் பணமாக எழுதியிருக்கிறாய். அது மூன்று வருஷம் வங்கியிலேயே வைப்பாகக் கிடக்கும், பிறகுதான் கடனில் கழியும். முதலில் உன் பங்கு 10 சதவீதம், 50,000 நீதான் போட வேண்டும். அந்த வரவை அடித்துவிட்டு மறுபடி கூட்டிப் பார்.

எர்த் சரியாகப் போட்டு, கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வைக்காமல் அந்த ஈரத் தரையில் ஒரு நாள்கூட நிற்காதே கண்ணு. அந்தச் செலவை நான் தருகிறேன். சீட்டுப் பணம் தை மாதம் வருகிறது, உனக்காகவே எடுத்து வைக்கிறேன். அப்பாவின் நோட்டுகள் பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கின்றன. பொங்கலுக்கு வரும்போது இருவரும் உட்கார்ந்து பார்ப்போம். அதுவரை எதற்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

அன்புடன்,
அம்மா